திரும்ப முடியாத திருப்பம்

பொல்பிட்டிய அருகே கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகின்றன. அதற்குக் கீழே எது எந்த ஓயாவின் தண்ணீர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. திருப்புமுனை என்று ஒன்றைச் சொல்வதானால் அது இப்படி இருக்க வேண்டும்.

இன்று அந்தச் சொல் தேர்தல் மேடையிலும் கிரிக்கட் வர்ணனையிலும் தாராளமாகப் புழங்குகிறது. 1996இல் லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றதைத் திருப்புமுனை என்றால் மறுப்பதற்கில்லை. அதன்பின் எந்த நாடும் இலங்கை அணியைச் சிறியதாக எண்ணவில்லை. ஆனால் ஒரு நல்ல ஓவருக்கும் அதே சொல்லைச் சொல்லும்போது சொல்லின் கனம் போய்விடுகிறது.

மலையகத்தின் முதல் பெரிய திருப்பத்தை அன்று யாரும் அப்படி அழைக்கவில்லை. 1869இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் தெரிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின.

பயிர் மாறியதோடு வாழ்க்கையும் மாறியது. கோப்பிக் காலத்தில் பலர் அறுவடைக்கு வந்து, முடிந்ததும் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும், பறிக்க ஆள் எப்போதும் வேண்டும். பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தங்கின. வந்துபோன கூலியாட்கள் ஒரு மலையகச் சமூகமாக வேரூன்றியது இதனால்தான்.

மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டம் இரண்டாவது திருப்பம். 1947 தேர்தலில் அவர்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றிருந்தது. 1952இல் ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் வாக்காளர் பட்டியலிலேயே மலையக மக்களில் பெரும்பாலானோரின் பெயர் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. போக வேண்டியவர்களின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

2003இல் நாடாளுமன்றம் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கியது. சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நீலகிரிக்குப் போன அண்ணனும் மஸ்கெலியாவில் தங்கிய தங்கையும் மீண்டும் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகவில்லை. அதனால்தான் 1948ஐத் திருப்புமுனை என்று தயங்காமல் சொல்லலாம்.

பொல்பிட்டிய மின்நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது. அதையும் மலையகத்தின் திருப்பமாகச் சொல்வார்கள். மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது நகரங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும்தான். பல லயங்களில் அதற்குப் பின்னும் நெடுநாள் குப்பி விளக்குதான் எரிந்தது. நாட்டுக்குத் திருப்பமாக இருப்பது அருகில் வாழ்பவருக்கும் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

2023இல், மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அவர்களின் கோரிக்கைகளில் காணியுரிமையும் ஒன்று. வேலை போனால் லயத்துக் காம்பராவும் போய்விடுமோ என்ற அச்சம் தோட்டத்துக் குடும்பங்களை விட்டு இன்னும் நீங்கவில்லை. உறுதிப்பத்திரம் சொந்தப் பெயரில் கைக்கு வரும் நாளில்தான் அது நீங்கும். அந்த நாளுக்குத் திருப்புமுனை என்ற சொல் முழுதாகப் பொருந்தும்.