தானியங்கி விற்பனை இயந்திரம்: சுவிட்ச் பழுதைக் கண்டறிவது எப்படி?

இரயில் நிலையங்கள், மருத்துவமனைகள், கல்லூரி வளாகங்கள் எனப் பல இடங்களிலும் தானியங்கி விற்பனை இயந்திரங்கள் இன்று காணக் கிடைக்கின்றன. இவற்றை நிறுவி நடத்துவது சிறுதொழில் முனைவோர் சிலருக்கு வருவாய் தரும் வழியாகவும் அமைந்துள்ளது. யுபிஐ வழியே 20 ரூபாய் செலுத்தியவருக்குப் பிஸ்கட் பொட்டலம் கிடைக்காவிட்டால், அவர் முதலில் ஐயுறுவது வங்கியைத்தான். ஆனால் பணம் முறையாகச் சென்று சேர்ந்த பின்னரும், இயந்திரத்தின் உள்ளே இருக்கும் விலை குறைந்த ஒரு சிறு சுவிட்ச் விற்பனையை முடக்கிவிடக்கூடும்.

மூன்று சுவிட்சுகள்

சுருள் கம்பி வகை இயந்திரங்களில் மூன்று இடங்களை நாம் கவனிக்க வேண்டும். முதலாவது, கதவுச் சுவிட்ச். கதவு மூடியிருப்பதை இது உறுதி செய்தால்தான் விற்பனை தொடங்கும். இரண்டாவது, பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொத்தான்கள். பலமுறை அழுத்தப்படுவதால் இவை தேய்கின்றன.

மூன்றாவதுதான் மிகுதியாகக் குழப்பம் தருவது. சுருளைச் சுழற்றும் மோட்டார் தொகுதியில் மேடுபள்ளமுள்ள சிறு சக்கரம் ஒன்றும், அதைத் தொட்டபடி மைக்ரோ சுவிட்ச் ஒன்றும் இருக்கும். சுருள் ஒரு சுற்றை முடித்ததும் சுவிட்சின் நிலை மாறும். அதைக் கண்டு கட்டுப்பாட்டு போர்டு மோட்டாரை நிறுத்தும். அந்த மாற்றம் நிகழாவிட்டால் சுருள் தொடர்ந்து சுழன்று இரண்டு பொருள்களைத் தள்ளிவிடலாம். அல்லது போர்டு அவ்வரிசையைப் பழுதெனக் குறித்துப் பூட்டிவிடலாம்.

அறிகுறியே வழிகாட்டி

கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன் பழுதின் எல்லையை அறிந்துகொள்வது நன்று. ஒரே ஒரு வரிசை மட்டும் இயங்கவில்லையெனில் அதன் மோட்டார் தொகுதியை ஐயுறலாம். ஒரு தட்டு முழுவதும் இயங்கவில்லையெனில் அத்தட்டின் கனெக்டர் தளர்ந்திருக்கலாம். எந்த வரிசையும் இயங்கவில்லையெனில் கதவுச் சுவிட்சையும் மின் வழங்கலையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு வரிசைப் பழுதுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பழுதான மோட்டார் தொகுதியையும் பக்கத்து வரிசையிலுள்ள நல்ல தொகுதியையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். பழுதும் உடன் இடம்பெயர்ந்தால் குறை அத்தொகுதியில் உள்ளது. பழைய இடத்திலேயே நின்றால் குறை வயரிலோ போர்டிலோ உள்ளது.

சோதிக்கும் முறை

இயந்திரத்துக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். சுவரிலுள்ள சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். தூசி, சிந்திய குளிர்பானம், பூச்சிகள் ஆகியவற்றை அகற்றி, கனெக்டர்களைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்த வேண்டும். கடலோர ஊர்களில் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்னர் சுவிட்சின் வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்துச் சோதிக்கலாம். பொது முனைக்கும் 'என்ஓ' முனைக்கும் இடையே, அழுத்தாதபோது தொடர்பு இருக்கக் கூடாது. அழுத்தினால் இருக்க வேண்டும். 'என்சி' முனைக்கு இது நேர்மாறானது. ஒருமுறை சரியாகக் காட்டியதும் நிறுத்திவிடாமல் பத்து முறையேனும் அழுத்திப் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு வரும் பழுது அப்போதுதான் வெளிப்படும்.

குறையுள்ள சுவிட்சை மாற்றுவதே முறை. அதே வோல்ட், அதே ஆம்பியர் அளவும், அதே நெம்புகோல் வடிவமும் கொண்டதையே வாங்க வேண்டும். கதவுச் சுவிட்சின் வயர்களை நேரடியாக இணைத்து இயந்திரத்தை ஓட்டுவது ஆபத்தானது. கதவு திறந்திருக்கும்போதும் உள்ளே மோட்டார் சுழலும். உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தைத் தாமே பிரிக்காமல் நிறுவனத்தின் டெக்னீஷியனை அழைப்பதே நலம்.

பணத்துக்குப் பொறுப்பு யாருடையது?

வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிக்கப்பட்டும் வணிகருக்கு உறுதிச் செய்தி வந்து சேராவிட்டால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாள்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி.

உறுதிச் செய்தி வந்த பிறகு சுவிட்ச் பழுதால் பொருள் விழாமற் போனால் நிலைமை வேறு. அங்கே பணப்பரிமாற்றம் வெற்றி பெற்றுவிட்டது. பணத்தைத் திருப்பித் தர வேண்டியவர் இயந்திரத்தை நடத்துபவரே. எனவே வாடிக்கையாளர்கள் பரிமாற்ற எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு முதலில் அவரை அணுக வேண்டும். நடத்துபவர்கள் தம் தொலைபேசி எண்ணை இயந்திரத்தின் முகப்பில் தெளிவாக எழுதி வைப்பதும், ஒவ்வொரு முறை சரக்கு நிரப்பும்போதும் எல்லா வரிசைகளையும் ஒருமுறை இயக்கிப் பார்ப்பதும், பழுதான வரிசையை உடனே விற்பனையிலிருந்து நீக்குவதும் கடமையாகும். ஆளில்லாத கடையில் பணத்தை முன்னதாகவே கொடுப்பவரின் நம்பிக்கைக்கு இவையே காப்பு.