விசையும் எழுத்தும்: கணினியில் தமிழ் உள்ளீடு

விசைப்பலகை கணினிக்கு எழுத்தை அனுப்புவதில்லை; எவ்விசை அழுத்தப்பட்டது என்பதை எண்ணாகவே அறிவிக்கிறது. அவ்வெண்ணை எழுத்தாகக் கொள்வதா, கட்டளையாகக் கொள்வதா என்பதை முடிவு செய்வது மென்பொருளே. பழைய முனையங்களுள் சிலவற்றில் அழிப்பு விசை 8 என்னும் எண்ணை அனுப்பியது. வேறு சிலவற்றில் 127 என்னும் எண்ணை அனுப்பியது. ஆகவே உரைத்தொகுப்பிகள் முனையங்களின் இயல்புகளைப் பட்டியலிட்டு வைத்துக்கொண்டே அவ்வெண்களுக்குப் பொருள் கண்டன.

தமிழில் இச்சிக்கல் மேலும் விரிகிறது. நம் எழுத்துகள் 247. விசைகளோ மிகச் சில. எனவே விசைக்கும் தொகுப்பிக்கும் இடையில் உள்ளீட்டு முறை என்னும் மென்பொருள் நின்று, விசைகளின் வரிசையைத் தமிழ் எழுத்தாக்குகிறது. அம்முறை மாறினால் எழுத்தும் மாறும். ஆங்கிலக் ‘கே’ பொறித்த விசை அஞ்சல் முறையில் ‘க்’ தரும். தமிழ் 99 முறையில் ‘ம’ தரும்.

இத்துறையில் மலேசியாவின் பங்கு குறிப்பிடத்தக்கது. முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிய முரசு மென்பொருளின் வழியே, ஒலிப்பை ஒட்டிய அஞ்சல் முறை பரவியது. தமிழ் 99 விசைப்பலகையோ, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவானது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகளுள் பெரும்பாலானவை வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. முதலெழுத்துகள் முப்பதும் ஆய்தமும் விசை பெற்றால் போதும். உயிர்மெய் புணர்ச்சியால் பிறக்கும். ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்னும் நான்கு விசைகளே வேண்டும்; முதல் மகரத்திற்குப் புள்ளி தானே இடப்படும். வகுப்பில் கற்பிக்கும் எழுத்திலக்கணமே இங்கு விதியாகச் செயற்படுகிறது.

எழுதியதைச் சேமிக்கும் முறையும் முக்கியமானது. தட்டச்சுப் பொறியில் ‘கொ’ எழுத, கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் காலை இறுதியிலும் அடிப்போம். பழைய எழுத்துருக்கள் பலவும் அக்கண்வரிசையிலேயே சேமித்தன. குறியீட்டெண்களும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறுபட்டன. 1991ஆம் ஆண்டிலேயே தமிழைச் சேர்த்துக்கொண்ட யூனிக்கோடு, ககரத்தை முன்னும் ஒகரக் குறியைப் பின்னும் வைத்து ஒலிவரிசையில் சேமிக்கிறது. இவ்வேறுபாட்டால், சிம்பாங் அம்பாட்டில் பழைய எழுத்துருவில் எழுதிய கட்டுரை ஜோர்ஜ் டவுனிலுள்ள மற்றொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றக்கூடும்.

எந்த உள்ளீட்டு முறையைப் பயில்வது என்பது அவரவர் விருப்பம். ஆயினும் எழுதியதை யூனிக்கோட்டில் சேமிப்பதை மாணவர் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் அதனை வலியுறுத்த வேண்டும். இன்று எழுதும் தமிழ் நாளை வேறொரு கணினியிலும் தமிழாகவே படிக்கப்பட அதுவே வழி.