தறித் தூசு என்று தள்ளிப்போடாதீர்கள்

குழித்தறியும் இருமலும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழிக்குள் காலை இறக்கி உட்காருபவர், நாள் முழுக்கப் பாவின் மேல் குனிந்தபடியே இருப்பார். பல வீடுகளில் தறி ஓடும் அறையில்தான் படுக்கையும். அங்கே இருமல் வந்தால், "தூசு ஒத்துக்கலை" என்று ஒரு கஷாயத்தோடு விட்டுவிடுவார்கள். எச்.ஐ.வி. உள்ளவர் அப்படி விடவே கூடாது.

உள்ளே நடப்பது

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள சளிப்படலத்தில் கிருமிகள் ஒட்டிக்கொள்ளும். நுண்ணிய மயிரிழைகள் அதை மேலே தள்ளிவிடும். ஐஜிஏ எனும் எதிர்ப்பொருளும் அங்கே காவல் இருக்கிறது. இதையெல்லாம் தாண்டிப் போகும் கிருமியைக் காற்றுப்பைகளில் இருக்கும் விழுங்கு செல்கள் பிடிக்கும். அவற்றுக்குத் துணை நின்று முடுக்கிவிடுபவை சிடி4 செல்கள். எச்.ஐ.வி. அழிப்பது அவற்றைத்தான். ரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருக்கும்போதே, காசநோய்க் கிருமியை அடையாளம் காணும் சிடி4 செல்கள் நுரையீரலில் குறையத் தொடங்கலாம். விழுங்கு செல்களுக்குள்ளும் வைரஸ் புகுந்துவிடும். பீடி, சிகரெட் வேறு மயிரிழைகளை முடக்கும். அதனால்தான் நிமோனியாவும் காசநோயும் எச்.ஐ.வி. உள்ளவர்களை எளிதில் பிடிக்கின்றன.

எக்ஸ்ரேயில் தெரியாத காசநோய்

காசநோயில் நுரையீரலில் குழி விழுவதற்கு நம் உடலின் எதிர்ப்பும் ஒரு காரணம். எதிர்ப்பு வலுவிழந்தவருக்குப் பெரும்பாலும் குழி விழாது. சளியில் கிருமியும் குறைவாகவே வரும். எக்ஸ்ரே சுத்தமாகக்கூடத் தெரியலாம். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல்தான் எச்சரிக்கை. எச்.ஐ.வி. உள்ளவருக்கு நாள் கணக்கே கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே பரிசோதனை வேண்டும்.

தாம்பரம்

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன்பின் நோயாளிகள் திரண்டது தாம்பரம் சானடோரியத்தில். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோய்க்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்ட எல்லைக்குள் இருந்த ஊர். எச்.ஐ.வி. பாதித்தவர்கள் நுரையீரல் நோயோடு வந்ததால்தான் நெஞ்சகநோய் மருத்துவமனை அவர்களுக்கும் புகலிடமானது. 2004 ஏப்ரலில் நாட்டில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டுமருந்து முதலில் தொடங்கிய மையங்களில் அதுவும் ஒன்று.

மருந்து

கூட்டுமருந்தை விடாமல் சாப்பிட்டால் சிடி4 செல்கள் பெருகும், காசநோய் அபாயமும் வெகுவாகக் குறையும். ஆனாலும் தொற்று இல்லாதவர் அளவுக்கு நுரையீரலின் எதிர்ப்பு திரும்பிவிடுவதில்லை. அதனால் காசநோய் இல்லை என்று உறுதியானதும் தடுப்பு மாத்திரையும் தருகிறார்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரத்தை ரகசியமாகக் காப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். சந்தேகங்களுக்கு 1097-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம்.

காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எனும் மருந்து தொடங்கினால், அது எச்.ஐ.வி. கூட்டுமருந்தில் உள்ள டோலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். அப்போது 12 மணி நேரம் கழித்து இன்னொரு டோலுடெக்ராவிர் மாத்திரை தேவைப்படும். ஆகவே எச்.ஐ.வி., காசநோய் என இரண்டு இடத்து மருத்துவர்களிடமும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் காட்டுங்கள்.