சந்தேகமும் தீர்ப்பும்: மரபணுச் சோதனைகள் சொல்வது என்ன?

மரபணுக் கோளாறுகளுக்கான சோதனைகளில் இரு வகை உண்டு. நோய்க்குறி எதுவும் தென்படாத அனைவரிடமும் நடத்தி, யாருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு மிகுதி என்று பிரித்துக் காட்டுவது ஸ்கிரீனிங். அவ்வாறு பிரிக்கப்பட்டவருக்கு நோய் உண்மையிலேயே உண்டா என்று முடிவு கூறுவது உறுதிப்படுத்தும் சோதனை. முதலாவது எழுப்பும் சந்தேகத்தை இரண்டாவதின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதால் குடும்பங்கள் தேவையற்ற அச்சத்துக்கும், சில வேளைகளில் திருத்தவே முடியாத முடிவுகளுக்கும் ஆளாகின்றன.

பிறந்த குழந்தைகளுக்கான ஸ்கிரீனிங் ஃபீனைல்கீட்டோனூரியா என்னும் நோயிலிருந்து தொடங்கியது. 1934-இல் நார்வே மருத்துவர் ஆஸ்பியார்ன் ஃபொலிங், மனவளர்ச்சி குன்றிய உடன்பிறப்புகள் இருவரின் சிறுநீரில் பெர்ரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது அது பச்சை நிறமாக மாறியதைக் கண்டு இந்நோயை அடையாளம் காட்டினார். உணவுப் புரதத்திலுள்ள ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றியமைக்கும் நொதி இந்நோயில் பழுதுபட்டிருப்பதால், அவ்வமிலம் இரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுக்கிறது. அதைக் குறைத்த உணவு பயன் தரும் என்பது 1950-களில் தெரிந்துவிட்டபோதிலும், பாதிப்பு வெளியே தெரிவதற்கு முன்பே, பிறந்த சில வாரங்களுக்குள் அவ்வுணவைத் தொடங்கியாக வேண்டியிருந்தது.

அதற்கு வழி கண்டவர் அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் கத்ரி. குழந்தையின் குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளியை வடிதாளில் உலரவைத்து, அதிலிருந்து சிறு வட்டம் ஒன்றை வெட்டி, பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் கலந்த அகர் கூழின்மேல் அவர் வைத்தார். இரத்தத்தில் ஃபீனைல்அலனின் மிகுந்திருந்தால் தடை விலகி, அவ்வட்டத்தைச் சுற்றிப் பாக்டீரியா செழித்து வளர்ந்தது. 1963-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இச்சோதனையைச் சட்டமாக்கியது. இன்று அதே உலர்ந்த துளியைக் கொண்டு, நிறை நிறமாலைமானியின் துணையால் பல நோய்களை ஒரே நேரத்தில் தேட முடிகிறது.

ஆயினும், அரிய நோயைத் தேடும் எச்சோதனைக்கும் ஒரு கணக்கு உண்டு. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்காக ஒரு லட்சம் குழந்தைகளைச் சோதிப்பதாகவும், நோயற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவரை மட்டுமே அச்சோதனை தவறாகக் குறிப்பதாகவும் கொண்டால், நோயுள்ள 10 குழந்தைகளோடு நோயற்ற ஏறத்தாழ 100 குழந்தைகளும் சந்தேகப் பட்டியலில் இடம்பெறுவர். அதாவது, மிகத் துல்லியமான சோதனையிலும் குறிக்கப்பட்ட 11 பேரில் ஒருவருக்கே நோய் இருக்கும்.

கருவுற்ற காலத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். தாயின் இரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதப்பதை டென்னிஸ் லோவும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்டனர். அதன் வழியே பிறந்த சோதனை, பத்தாவது வாரம் முதலே டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளைத் தேடித் தருகிறது. ஆனால் அத்துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் செல்களிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் மட்டும் கோளாறு இருந்து, கரு நலமாக இருப்பதும் உண்டு. ஆகவே உறுதி வேண்டுவோருக்கு, 15 வாரங்களுக்குப் பின் வயிற்றின் வழியே ஊசி செலுத்திப் பனிக்குட நீரை எடுத்து, அதில் உதிர்ந்துள்ள கருவின் செல்களைச் சோதிக்க வேண்டியுள்ளது. கருச்சிதைவு அபாயம் இதில் சிறிதளவு இருப்பதால் இது எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை.

சந்தேகம் என்ற அளவில், பிறந்த குழந்தைக்கும் கருவுக்கும் செய்யப்படும் ஸ்கிரீனிங் இரண்டும் ஒன்றே எனினும், அவை கோரும் வேகம் வேறு. பிறந்த குழந்தையின் இரத்தத்துளி ஐயம் எழுப்பினால், மறுசோதனைக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. கருவிலுள்ள குழந்தைக்கு ஐயம் எழுந்தால், உறுதிப்படுத்தும் சோதனையும் மரபியல் ஆலோசனையும் பெறாமல் கருவைக் கலைக்கும் முடிவை எடுக்கலாகாது. பெற்றோர் சோதனைக்கு முன்பே, “இது சந்தேகத்தைச் சொல்வதா, முடிவைச் சொல்வதா?” என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவு பெற வேண்டும்.