பாட்டியை விட வயதான மீன்

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 'ஆரஞ்ச் ரஃபி' என்று எழுதி வைத்திருந்த மீன் துண்டுகளை வாங்கி வந்தேன். வெள்ளை வெளேரென்ற சதை, முள் இல்லை, வாடையும் குறைவு. நன்றாகவே இருந்தது. பிறகுதான் அந்த மீனைப் பற்றிப் படித்தேன். நான் சாப்பிட்ட மீன் என் பாட்டி பிறப்பதற்கு முன்பே பிறந்திருக்கலாம் என்று தெரிந்தபோது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

இதன் அறிவியல் பெயர் ஹோப்லோஸ்டெத்தஸ் அட்லாண்டிகஸ். நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நமீபியா, வட அட்லாண்டிக் பகுதிகளில், சுமார் 700 முதல் 1500 மீட்டர் ஆழத்தில், கடலடிக் குன்றுகளையும் சரிவுகளையும் ஒட்டி வாழ்கிறது. சூரிய ஒளி எட்டாத, குளிர்ந்த இடம். பெரும்பாலும் ஒன்றரை அடிக்குள் இருக்கும். உயிரோடு இருக்கும்போது செங்கல் நிறம்; செத்த பிறகே ஆரஞ்சு நிறமாகிறது. பெரிய தலை முழுக்கச் சளி நிறைந்த குழிகள். அதனால் இதன் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லைம்ஹெட்', அதாவது சளித்தலை என்று பெயர். அந்தப் பெயரில் யார் வாங்குவார்கள்? கடைக்கு வரும்போது பெயர் மாறிவிட்டது.

இறால், கணவாய், சிறு மீன்கள் இதன் உணவு. உடலில் மெழுகு போன்ற ஒரு கொழுப்பு இருக்கிறது. அது ஆழ்கடலில் மிதக்க உதவுகிறது. நமக்கோ அது செரிக்காது, வயிற்றைக் கலக்கிவிடும். ஆகவே தோலோடு சேர்த்து அந்தக் கொழுப்பையும் ஆழமாகச் சீவி எடுத்த பிறகே விற்கிறார்கள்.

இந்த மீனின் முக்கியமான விஷயம் அதன் வயது. மீனின் காதுக்குள் சுண்ணாம்பாலான சிறு கல் ஒன்று உண்டு. இதைச் செவிக்கல் எனலாம். மரத்தைப் போல இதிலும் வளையங்கள் விழும். ஆரம்பத்தில் மேற்பரப்பில் தெரிந்த வளையங்களை எண்ணியவர்கள், மற்ற மீன்களைப் போல இதுவும் சில பத்தாண்டுகளே வாழும் என்று நினைத்தார்கள். கல்லைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது வளையங்கள் மிக நெருக்கமாக, நிறைய இருந்தன. ஆண்டுக்கு ஒன்றுதானா இவை என்ற சந்தேகத்தை இயற்பியல் தீர்த்தது. செவிக்கல் உருவாகும்போது கடல்நீரிலிருந்து மிகச் சிறிதளவு ரேடியம் அதில் சேர்கிறது. அது மெல்லச் சிதைந்து ஒருவகைக் கதிரியக்க ஈயம் உண்டாகிறது. இரண்டின் விகிதம் ஒரு கடிகாரம். 1991-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த முறையில் கணக்கிட்டபோது வயது 100-ஐத் தாண்டியது. பின்னர் நியூசிலாந்துக் கடலில் 200-ஐத் தாண்டிய மீன்களும் கிடைத்தன. முட்டையிடும் பருவத்தை எட்டவே இதற்குச் சுமார் 30 ஆண்டுகள் ஆகிறது. அப்போதும் முட்டைகள் குறைவு. எல்லாப் பெண் மீன்களும் ஒவ்வோர் ஆண்டும் முட்டையிடுவதும் இல்லை.

ஆனால் வலை முந்திக்கொண்டது. நியூசிலாந்தின் சாத்தம் மேட்டில் 1979 வாக்கில் பெரிய அளவில் மீன்பிடி தொடங்கியது. 1989-ல் டாஸ்மேனியாவின் கிழக்கே செயின்ட் ஹெலன்ஸ் குன்றில் முட்டையிடக் கூடும் பெருங்கூட்டம் கண்டுபிடிக்கப்பட்டது. 1990-ல் உலக அளவில் பிடிபட்டது சுமார் 90,000 டன்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முட்டையிடும் காலத்தில் இவை ஒரே குன்றில் வந்து குவியும். பாதி மீன் தீர்ந்த பிறகும், மிச்சமிருக்கும் பாதி அதே இடத்தில்தான் கூடும். வலை போடுபவருக்கு ஒவ்வொரு முறையும் வலை நிறைந்தே வரும். எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். குறைவது தெரியும்போது காலம் கடந்திருக்கும். கூடவே, குன்றின்மேல் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த ஆழ்கடல் பவளங்களும் இழுவலையில் சிதைந்தன.

பிறகு விழித்துக்கொண்டார்கள். நியூசிலாந்தின் சேலஞ்சர் மேட்டில் 2000-ல் இம்மீனைப் பிடிப்பது நிறுத்தப்பட்டு, 2010-ல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 2006-ல் இதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது. கிழக்கு டாஸ்மேனியாவில் 2015-ல் சிறிய அளவில் மீண்டும் அனுமதி கிடைத்தது.

வங்கியில் போட்ட பணத்தின் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழிப்பது போன்றதுதான் மீன்பிடித்தல். மத்தி போன்ற மீன்கள் சீக்கிரம் வளர்ந்து நிறைய முட்டையிடும்; வட்டி அதிகம். இந்த மீனின் வட்டி விகிதமோ மிக மிகக் குறைவு. தெரியாமல் முதலையே எடுத்துவிட்டோம். 1990-ல் ஒரு மீனைப் பிடித்தபோது அதன் இடத்தில் ஒரு குஞ்சு பிறந்திருந்தால், அது முதன்முதலாக முட்டையிடத் தொடங்கியது 2020 வாக்கில்தான். நாம் ஒரே இரவில் சாப்பிட்டு முடித்த கணக்கைக் கடல் இன்னும் சரிசெய்துகொண்டிருக்கிறது. அடுத்த முறை மீன் வாங்கும்போது விலையோடு அதன் வயதையும் கேட்டுப் பாருங்களேன்.