கார்புரேட்டர் பாகங்கள்: அசலா, வெளிச்சரக்கா?

நூற்கட்டும் காய்கறி மூட்டையும் ஏற்றிக்கொண்டு காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடும் வண்டிகளில் பழைய புல்லட்டுகளை இன்றும் காண்கிறோம். 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனி அவற்றை அருகிலுள்ள திருவொற்றியூரில் செய்து வந்தது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. எனவே, பழைய வண்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் உதிரிப் பாகங்களை ஆராய்ந்து வாங்குதல் அவசியம்.

பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலப்பதே கார்புரேட்டரின் வேலை. ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய, எடையில் ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். ஜெட் என்னும் பித்தளைத் திருகின் நுண்துளையே பெட்ரோலை அளக்கிறது. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு மிகுந்தால், அதன் பரப்பு நூற்றுக்கு 21 பங்கு மிகும். பெட்ரோலும் ஏறக்குறைய அவ்வளவு வீணாகும்.

40-ஆம் நம்பர் என்று சீட்டு ஒட்டியதால் மட்டும் நூல் 40-ஆம் நம்பராகிவிடாது என்பதை நெசவாளர் அறிவர். ஜெட்டும் அத்தகையதே. மேலும், கெய்ஹின் ஜெட்டின் எண் துளையின் விட்டத்தைக் குறிக்கும். அமல் ஜெட்டின் எண் நிமிடத்திற்கு இறங்கும் அளவைக் குறிக்கும். எண் ஒன்றாயிருப்பினும் அளவு வேறாகும்.

நாம் ஒருமுறை விலை மலிவென்று வெளிச்சரக்கு மிதவை ஊசி ஒன்றை வாங்கினோம். அது சரியாக அடைக்காமையால் பெட்ரோல் சூடான என்ஜின் மீது வழிந்தது. தீப்பற்றாதது நற்பேறே. சில ரூபாய் மிச்சத்திற்காக வண்டியையே இழந்திருப்போம்.

ஆகவே ஜெட், ஜெட் ஊசி, மிதவை ஊசி ஆகிய அளக்கும் பாகங்களை அசலாகவே வாங்குக. வெளித்திருகு, கிண்ண ஆணி போன்றவற்றில் மரை பொருந்தினால் வெளிச்சரக்கு போதும். ரப்பர் வளையங்கள் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா எனக் கேட்டு வாங்குக; தாங்காதவை உப்பிப்போகும்.

மாற்றியபின் சில நாள் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் குறைவு. குறைவானால் என்ஜின் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். பழுப்பு நிறமே நலம்.

பழைய ஜெட்டை எறியாமல் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிடுங்கள், ரசீது பெறுங்கள். பலர் சேர்ந்து சங்கத்தின் மூலம் அசல் பாகங்களை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையலாம். கூட்டுறவின் பயன் தறிக்கும் வயலுக்கும் மட்டுமன்று.