அரணும் அரண்மனையும்: ராஜபுத்திரக் கோட்டைகளின் பின்புலத்தில் கொங்குக் கோட்டைகளை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

கோட்டை காணச் செல்வோர் பெரும்பாலும் அரண்மனையை எதிர்பார்த்தே செல்கின்றனர். ராஜஸ்தானத்துக் கோட்டைகள் வளர்த்துள்ள இவ்வெதிர்பார்ப்போடு சங்ககிரி, நாமக்கல் போன்ற கொங்குநாட்டுக் கோட்டைகளை அணுகும்போது ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்னும் முடிவே மிஞ்சுகிறது. இவ்வேறுபாட்டிற்கான வரலாற்றுக் காரணத்தையும், திருக்குறளின் ‘அரண்’ அதிகாரம், புறத்திணை மரபு ஆகியவை கோட்டையை வாசிப்பதற்குத் தரும் அளவுகோல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அரண், அரண்மனை, உழிஞை, நொச்சி, சங்ககிரி, சித்தூர், செஞ்சி, வழக்காறு.

முன்னுரை

2013ஆம் ஆண்டு ராஜஸ்தானத்தின் ஆறு மலைக்கோட்டைகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. சித்தூர், கும்பல்கர், ரணதம்பூர், காக்ரோன், ஆமேர், ஜெய்சல்மேர் என்பன அவை. இவற்றோடு ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையும் உதயப்பூரின் நகர அரண்மனையும் சேர்ந்து, கோட்டை என்ற சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் காட்சியைப் பெரிதும் வடிவமைத்துள்ளன. மாடங்கள், கண்ணாடி பதித்த மண்டபங்கள், அந்தப்புரம், படைக்கலக் காட்சியகம் ஆகியன அக்காட்சியின் கூறுகள்.

கொங்குநாட்டிலிருந்து கல்விச் சுற்றுலாவாக ராஜஸ்தானம் சென்று திரும்பும் மாணவர் ஒருவர் அதே காட்சியை மனத்திற்கொண்டு சங்ககிரி மலையேறினால் ஏமாற்றமே அடைவார். அங்கு மதில்களும் வாயில்களும் சுனைகளும் உண்டு, அரண்மனை இல்லை. இந்த ஏமாற்றத்தைத் தனிமனித ரசனையின் குறையாகக் கொள்வதற்கில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்னரே வகுத்துத் தந்த ஒரு கண்ணோட்டத்தின் விளைவு அது. அக்கண்ணோட்டம் எவ்வாறு உருவாயிற்று, அதற்கு மாற்றாகத் தமிழ் மரபு எதைத் தருகிறது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

சொல்லும் பொருளும்

‘அரண்மனை’ என்பது அரண், மனை என்னும் இரு கூறுகளால் ஆன சொல். காவலும் உறைவிடமும் அதில் இணைந்து நிற்கின்றன. சங்க இலக்கியத்தில் அரசனின் உறைவிடத்தைச் சுட்டும் சொல் ‘கோயில்’ ஆகும். கோட்டையைக் குறிக்கும் சொற்களோ வேறு. மதில், எயில், இஞ்சி, புரிசை என்பன சுவரைக் குறிப்பன. அகழியைக் கிடங்கு என்றும், காவற்காட்டை மிளை என்றும், மதிலின் உறுப்பொன்றை ஞாயில் என்றும் வழங்கினர். உறைவிடத்திற்கும் காவலிடத்திற்கும் தனித்தனிச் சொல்தொகுதிகள் இருந்தமை, அவை இரண்டும் ஒன்றாகவே அமைய வேண்டும் என்ற கட்டாயம் தமிழர் எண்ணத்தில் இல்லை என்பதைக் காட்டுகிறது.

அரண்மனையின் கட்டட அழகை விரிவாகப் பாடும் நெடுநல்வாடை இதற்குத் தக்க சான்று. ஞாயிற்றின் நிழல்கொண்டு திசை அறிந்து மனை வகுத்த செய்தியும், கொடியேந்திய யானை புகுமளவு உயர்ந்த வாயிலும் அதில் இடம்பெறுகின்றன. ஆயினும் அப்பாட்டின் இறுதியில் அரசன் அம்மனையில் இல்லை. பாசறையில் புண்பட்ட வீரரைக் கண்டு ஆற்றும் பணியில் இருக்கிறான். மனை ஓரிடம், வினை மற்றோரிடம் என்ற இப்பிரிப்பு கோட்டைகளைப் பற்றிய ஆய்வுக்கும் பயன்படும்.

திருக்குறள் தரும் அளவுகோல்

திருக்குறளின் எழுபத்தைந்தாம் அதிகாரமான ‘அரண்’ பத்துக் குறட்பாக்களைக் கொண்டது (741–750). அவற்றுள் ஒன்றுகூட அரண்மனையைப் பற்றிப் பேசவில்லை. வள்ளுவர் கேட்கும் வினாக்கள் வேறு வகையின. இயற்கை அரணாக எவை அமைந்துள்ளன? மதில் எத்தகையது? காவலிடம் சிறிதா, உள்ளிடம் பெரிதா? உணவு உண்டா? உள்ளிருப்போர் நெடுநாள் நிலைத்திருக்க இயலுமா? சூழ்ந்து முற்றுகையிட்டும், முற்றுகையின்றித் தாக்கியும், உள்ளிருப்போரை வஞ்சனையால் தம்வயமாக்கியும் பகைவர் கைப்பற்ற முடியாததா? இத்தனை சிறப்பும் இருந்து, செயல்திறன் உடையோர் இல்லையெனில் அதனால் என்ன பயன்?

இவ்வதிகாரத்தின் இரண்டாம் குறள் நீர், மண், மலை, காடு என்னும் நான்கினை அரணாகச் சுட்டுகிறது. இவற்றுள் ‘மண்’ என்பதை மதிற்புறத்து மருநிலமாகக் கொள்வார் பரிமேலழகர். இந்நான்கும் ராஜஸ்தானத்துக் கோட்டைகளுக்கும் பொருந்துவது வியப்பளிப்பது. காக்ரோன் ஆறுகளால் மூன்று பக்கமும் சூழப்பட்ட நீரரண். ஜெய்சல்மேர் பாலைவெளி காக்கும் நில அரண். சித்தூரும் கும்பல்கரும் மலையரண்கள். ரணதம்பூர் காட்டின் நடுவே அமைந்த அரண். ஆகவே, வள்ளுவரின் அளவுகோலைக் கொங்குக் கோட்டைகளின் எளிமையை மறைக்கும் சமாதானமாகக் கருத வேண்டியதில்லை. அரண்மனைகள் நிறைந்த கோட்டைகளையும் அரண்களாக வாசிக்க அது துணைபுரிகிறது.

கண்ணோட்டம் உருவான வரலாறு

ராஜபுத்திரக் கோட்டைகளில் அரண்மனைகள் நிலைத்திருப்பதற்கும் கொங்கு நாட்டில் அவ்வாறு அமையாமைக்கும் கலைத்திறனிலோ வீரத்திலோ உள்ள வேறுபாட்டைக் காரணமாகச் சொல்ல இயலாது. சித்தூரே இதற்குச் சான்று. 1303, 1535, 1568 ஆகிய ஆண்டுகளில் அக்கோட்டை வீழ்ந்தது. 1615இல் மேவார் அரசுக்கும் ஜஹாங்கீருக்கும் ஏற்பட்ட உடன்பாடு அதனை மீண்டும் அரணாக்குவதைத் தடை செய்தது. மகாராணா கும்பா எழுப்பிய ஒன்பது நிலை வெற்றித்தூண் இன்றும் நின்றாலும், அவர் பெயரால் வழங்கும் அரண்மனை இடிபாடாகவே உள்ளது. மேவாரின் அரச வாழ்வு உதயப்பூருக்குப் பெயர்ந்தது.

திருப்புமுனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. 1818இல் உதயப்பூர், ஜோத்பூர், ஜெய்ப்பூர் அரசுகள் ஆங்கிலக் கும்பினியுடன் உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால் அவை தம் அரசிருக்கைகளையும் அரண்மனைகளையும் இழக்கவில்லை. ஜேம்ஸ் டாட் 1829, 1832ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்ட ராஜஸ்தான வரலாற்று நூல் அக்கோட்டைகளின் வீரக்கதைகளை உலகறியச் செய்தது. விடுதலைக்குப் பின் மன்னர் மானியம் 1971 வரை தொடர்ந்தது. அரண்மனைகள் சில விடுதிகளாயின.

தமிழகத்தில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. கொங்குநாட்டில் தீரன் சின்னமலை எழுப்பிய ஓடாநிலைக் கோட்டையும் கும்பினிப் படையால் அழிக்கப்பட்டது. 1805இல் அவர் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஊத்துக்குளி, புரவிபாளையம், சமத்தூர் முதலிய ஜமீன்களின் அரண்மனைகள் எஞ்சினும் அவை ஆட்சியதிகாரம் இழந்த காலத்தின் மாளிகைகளாகவே அறியப்படுகின்றன. சுருங்கக் கூறின், உடன்படிக்கை செய்த அரசுகளின் கோட்டைகள் அரண்மனைகளோடு எஞ்சின. எதிர்த்து நின்ற பாளையங்களின் கோட்டைகள் அழிந்தன. ஆகவே இன்மையும் ஒரு வரலாற்றுச் சான்றாகிறது.

சங்ககிரி: ஒரு வாசிப்பு

சேலத்திற்கும் ஈரோட்டிற்கும் இடையே சமவெளியிலிருந்து தனித்து எழும் சங்ககிரி மலையில் கோட்டை அமைந்துள்ளது. விஜயநகர காலம் முதல் கும்பினியார் காலம் வரை பல கட்டங்களில் வளர்ந்த இக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையின் வழியாகச் சேலம் பகுதியோடு இதுவும் கும்பினியார் வசமாயிற்று.

மலையின் மூன்று பக்கங்கள் செங்குத்தானவை. ஏறுவதற்கு ஏற்றது ஒரு பக்கமே. அந்த ஒரு பக்கத்தில்தான் மதில்களும் வாயில்களும் ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்பட்டுள்ளன. காக்க வேண்டிய இடம் சிறிது, உள்ளிடம் பெரிது என்னும் வள்ளுவர் இலக்கணம் இங்கே நிலவமைப்பாகவே காணக் கிடைக்கிறது. வாயில்களைக் கடந்து ஏறுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் மேலிருக்கும் மதிலின் பார்வைக்கு உட்படுகிறார். இதனை நடந்தே உணர முடியும். ஒளிப்படத்தில் அறிய முடியாது. சித்தூரின் ஏழு வாயில்களும் மலையேறும் பாதையில் இதே முறையில் வரிசையாக அமைந்தவையே. சித்தூரில் ஏழாம் வாயிலுக்கு அப்பால் அரண்மனைகளும் வெற்றித்தூணும் உள்ளன. சங்ககிரியில் வாயில்களுக்கு அப்பால் சுனைகளும் களஞ்சியங்களும் வழிபாட்டிடங்களும் உள்ளன.

இச்சுனைகளே சங்ககிரியின் உயிர்நிலை. முற்றுகைக் காலத்தில் மலைமேல் நீரில்லையெனில் மதிலால் பயனில்லை. பாரியின் பறம்பைப் பற்றிய புறநானூற்றுப் பாடலில் கபிலர் உழவர் உழாமலே கிடைக்கும் நால்வகை விளைவையும் சுனைநீரையும் எண்ணிக் காட்டுவது இதே தருக்கத்தின்படியாகும். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தர்காவும் ஒரே மலையில் இருப்பது, கோட்டையில் தங்கிய படைகளின் பன்முகத் தன்மையையும் கைமாறிய ஆட்சிகளையும் உணர்த்துகிறது.

கொங்குநாட்டின் வரிப்பணம் சங்ககிரி வழியே மைசூருக்குச் சென்றதாகவும், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையே அதனைத் தீர்த்தகிரி என்னும் இளைஞர் பறித்ததாகவும், அதனாலேயே அவருக்குச் சின்னமலை என்னும் பெயர் வந்ததாகவும் வழக்காறு உண்டு. அவர் சமையற்காரனால் காட்டிக்கொடுக்கப்பட்டார் என்பதும் வழக்காறே. முற்றுகையால் வெல்ல முடியாததை வஞ்சனையால் வெல்லுதல் என வள்ளுவர் குறித்த மூன்றாம் வழி, மக்கள் நினைவில் இவ்வாறு நிலைபெற்றுள்ளது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கு நாளில் சங்ககிரியிலும் ஓடாநிலையிலும் அவருக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

நாமக்கல்லும் கோவையும்

நாமக்கல் கோட்டை ஒற்றைப் பாறையின் உச்சியில் உள்ளது. அதே பாறையின் சரிவுகளில் அதியர் காலக் குடைவரைகள் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்று கல்வெட்டில் அதியேந்திர விஷ்ணுகிருகம் எனப்படுகிறது. தகடூரை ஆண்ட அதியமானின் அரணைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்த செய்தியைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து கூறும். அதே குடியின் பெயர் பல நூற்றாண்டுகளுக்குப் பின் நாமக்கல் பாறையில் காணப்படுவது நோக்கத்தக்கது. கோட்டை மட்டும் காண வந்தவர் மதிலைக் கண்டு திரும்புவார். இலக்கியம் அறிந்தவர் அரணழிந்த ஒரு குடியின் தொடர்ச்சியையும் அங்கே காண்பார்.

கோயம்புத்தூரில் நிலைமை வேறு. மூன்றாம் மைசூர்ப் போரின்போது 1791இல் முற்றுகைக்குள்ளான கோட்டை இன்று இல்லை. கோட்டைமேடு என்னும் இடப்பெயரும், கோட்டை என்னும் அடைமொழியைத் தாங்கிய சங்கமேஸ்வரர் கோயிலுமே அதன் எச்சங்கள். மதில் அழிந்த பின்னும் சொல் நிற்கிறது. எனவே இடப்பெயராய்வும் கோட்டை ஆய்வின் ஒரு பகுதியே.

ராஜபுத்திரர் தமிழ்க் கதைக்குள் வந்தது

ராஜபுத்திர மரபும் தமிழ் மரபும் நேரடியாகச் சந்தித்த இடம் செஞ்சி. புந்தேல ராஜபுத்திரரான தேஜ்சிங் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து 1714இல் போரிட்டு மாண்டார். தமிழ்நாட்டார் அவரைத் தேசிங்குராஜன் ஆக்கிக் கதைப்பாடலில் நிலைநிறுத்தினர். அரசி உடன்கட்டை ஏறியதாகக் கூறும் வழக்கு ராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயரோடும் இணைக்கப்படுகிறது. 2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டை மராத்தியரின் போர்நில அமைப்புகள் என்னும் தொகுதியின் உறுப்பாக உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை என்ற வகையில் அது பொருத்தமானதே. எனினும் ஊர்மக்களின் நாவில் அது தேசிங்கின் கோட்டை. நாயக்கர் எழுப்பிய கட்டடங்கள், மராத்தியர் ஆட்சி, ராஜபுத்திரன் கதை ஆகிய மூன்றையும் ஒரே கோட்டை தாங்கி நிற்கிறது. பட்டியல் ஒன்றையே எடுத்துரைக்கும்; எஞ்சியவற்றை எடுத்துரைப்பது இலக்கிய ஆய்வின் கடமை.

கோட்டையை வாசிக்கும் முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் களப்பயணம் மேற்கொள்ளும் ஆய்வாளருக்கு மூன்று படிநிலைகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவது, அரணை வாசித்தல். நீர், உணவு, வாயில், பார்வை எல்லை ஆகியவற்றை வள்ளுவர் எழுப்பும் வினாக்களின் வரிசையில் பதிவு செய்தல். முற்றுவோர் நிலையிலிருந்து கீழிருந்து மேலாகவும், காப்போர் நிலையிலிருந்து மேலிருந்து கீழாகவும் இருமுறை காண்பது நலம். உழிஞையும் நொச்சியும் இவ்விரு நிலைகளே. தொல்காப்பியம் இவ்விரண்டையும் உழிஞைக்குள் அடக்கும். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணை ஆக்கும்.

இரண்டாவது, இன்மையை வாசித்தல். அரண்மனை இல்லாத இடத்தில் அது தொடக்கம் முதலே இல்லையா, அழிக்கப்பட்டதா, வேறிடம் பெயர்ந்ததா என வினவுதல்.

மூன்றாவது, சொல்லை வாசித்தல். சுனை, வாயில், பாறை, பாதை ஒவ்வொன்றிற்கும் அடிவாரத்து மக்கள் வழங்கும் பெயர்களையும், அவற்றோடு இணைந்த கதைகளையும் ஒலிப்பதிவு செய்து தொகுத்தல். தொல்லியல் சட்டம் கல்லைக் காக்கும். பெயரைக் காக்க அதில் இடமில்லை. ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் மலையை நடந்தறிந்த முதியோர் மறையும்போது அப்பெயர்களும் மறைந்துவிடும்.

முடிவுரை

ராஜபுத்திரக் கோட்டைகள் அரண்மனையை அளவுகோலாக்கின. அவ்வளவுகோல் வரலாற்றின் ஒரு குறிப்பிட்ட போக்கால் உருவானதேயன்றிக் கோட்டை என்பதன் பொது இலக்கணம் அன்று. திருக்குறளும் புறத்திணை மரபும் தரும் அளவுகோலைக் கொண்டு காணின், சங்ககிரியும் சித்தூரும் ஒரே தளத்தில் வைத்து ஒப்பிடத்தக்க அரண்களாகின்றன. கொங்குக் கோட்டைகளில் அரண்மனை இல்லாமை குறையன்று. எதிர்த்து நின்றமைக்கு இப்பகுதி கொடுத்த விலையின் பதிவும் அதில் அடங்கியுள்ளது. இக்கோட்டைகளின் இடப்பெயர்களையும் வழக்காறுகளையும் கோட்டை வாரியாகத் தொகுத்துச் சொல்லடைவு ஒன்றை உருவாக்குவது கொங்கு வட்டாரத் தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.